நான் ஜெர்மனிக்குப் போகாதது உன்னால் அல்ல

தங்கமே,

இந்தக் கடிதத்தைப் படிக்கிற உன்னை நான் இன்னும் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்த உனக்கு இரண்டு வயது முடிந்து ஒரு மாதம் ஆகிறது. மதியச் சோறு தின்றுவிட்டு, ஒரு கை தொட்டிலுக்கு வெளியே தொங்கத் தூங்கிக்கொண்டிருக்கிறாய். நான் எழுதுவது இவனுக்கு இல்லை. மீசை வைத்து, என்னைவிட உயரமாக வளர்ந்து, ‘என்னம்மா சொல்ல வந்த, சீக்கிரம் சொல்லு’ என்று வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கப்போகிற ஒருவனுக்கு. அவன் முகம் எப்படியிருக்கும் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. அதனால் இவனைப் பார்த்துக்கொண்டே அவனுக்கு எழுதுகிறேன்.

அடுத்த வாரம் நீயும் நானும் பெங்களூருக்குப் போகிறோம். அங்கே ஓர் ஆய்வகத்தில் எனக்கு மூன்று வருட வேலை. வீட்டில் பாதி சாமான் கட்டியாயிற்று. நேற்று உன் அப்பாவின் பெரியம்மா வந்திருந்தார்கள். நாம் இருக்கிற இதே மடவார் வளாகத் தெருவில் எதிர் வீடுதான், ஆனாலும் ஊருக்குப் போகிறவர்களைப் பார்க்க வருகிற மாதிரி பழமும் பூவும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கன்னத்தைக் கிள்ளி, “ஏலே, உங்கம்மை ஏரோப்ளேன்ல ஏறிச் சீமைக்குப் போயிருக்க வேண்டியவ. நீ வந்து பொறந்து அவ காலைக் கட்டிப் போட்டுட்டியேலே, களவாணிப் பயலே!” என்றார்கள். சொல்லிவிட்டு முத்தம் வேறு. கொஞ்சல்தான் அது, துளி விஷமில்லை. எல்லோரும் சிரித்தார்கள். ஒன்றும் புரியாமல் நீயும் சிரித்தாய். நானும் சிரித்தேன்.

நான் சிரித்ததுதான் தப்பு. ஒரு வருடமாக இதே பேச்சு இந்தத் தெருவில் ஓடுகிறது, ஒரு வருடமாக நான் சிரித்துக்கொண்டோ தலையைக் குனிந்துகொண்டோ இருக்கிறேன். இன்னும் கொஞ்ச நாளில் உனக்கு இந்த வார்த்தைகள் விளங்க ஆரம்பித்துவிடும். ஐந்து வயதில் கேட்பாய், பத்து வயதில் கேட்பாய், இருபதில் அதை நம்பிவிட்டிருப்பாய். அதற்கு முன்னால் நடந்ததை எழுதி வைத்துவிட வேண்டும் என்று நேற்றே முடிவு பண்ணினேன். ஒரு வருடம் தாமதம்தான். உனக்கு மட்டும் எழுதினால் நாளைக்கு நானே கிழித்துப் போட்டாலும் போடுவேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் போட்டுவிட்டால் அப்புறம் மாற்றிப் பேச முடியாது. அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன்.

என் வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. உயிருள்ள செல்களைச் சின்னத் தட்டில் வளர்த்தால், பாய் விரித்த மாதிரி நெருக்கமாகப் படர்ந்து நிற்கும். அதன் நடுவில் மெல்லிய முனையால் ஒரு கோடு கிழித்துவிட்டு, அரை மணிக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டே வந்தால், இரண்டு கரையிலும் இருக்கிற செல்கள் மெதுவாக நகர்ந்து வந்து அந்தக் கோட்டை மூடுவது தெரியும். நம் தோலில் புண் ஆறுவது இப்படித்தான். எந்த செல் முதலில் நகர்கிறது, மற்றதற்கு அது எப்படித் தெரிகிறது என்பதுதான் ஐந்தரை வருடம் நான் பெங்களூரில் உட்கார்ந்து பார்த்தது. உன் அப்பா வீட்டில் சத்திரப்பட்டியில் எட்டுத் தறி போட்டுக் கட்டுத்துணி நெய்கிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிற பேண்டேஜ் துணி. பெண் பார்க்க வந்த அன்று அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சே, “நாங்க புண்ணை மூடுறோம், நீங்க ஆத்துறிய. சீக்கிரமா ஆத்திட்டியன்னா எங்க யாவாரம் என்னத்துக்காகும்?” என்பதுதான். காபித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பெண் இப்படிச் சிரிக்கலாமா என்று அவர்கள் பக்கத்தில் யாரோ முணுமுணுத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அந்தச் சிரிப்பில்தான் நம் குடும்பம் ஆரம்பித்தது.

முனைவர் பட்டம் வாங்கிவிட்டால் படிப்பு முடிந்தது என்று எல்லோரும் நினைப்பார்கள். எங்கள் துறையில் அது முடிவில்லை. அதற்குப் பிறகு வேறொருவருடைய ஆய்வகத்தில் போய் இரண்டு மூன்று வருடம், தனக்கென்று ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு வேலை பார்க்க வேண்டும். போஸ்ட்டாக் என்பார்கள். அது இல்லாமல் சொந்த ஆய்வகமும் கிடையாது, நல்ல இடத்தில் பேராசிரியர் வேலையும் கிடையாது. உன் அம்மாச்சி, அதாவது என் அம்மா, ராஜபாளையத்தில் சத்துணவு அமைப்பாளர். அவள் தெருவில் கேட்கிறவர்களுக்கெல்லாம் இதை ஒரே வரியில் சொல்லி முடிப்பாள்: “சட்டம் படிச்சவன் பெரிய வக்கீல்கிட்ட ஜூனியரா இருக்கானில்ல, அந்த மாதிரி. இவளுக்குச் சம்பளம் உண்டு, அம்புட்டுதான் வித்தியாசம்.” நான் இன்றுவரை இதைவிடத் தெளிவாக யாருக்கும் சொன்னதில்லை.

வாய்மொழித் தேர்வில் நான் நின்றபோது நீ ஏழு மாதமாக வயிற்றில் இருந்தாய். பட்டம் உறுதியான மறு வாரம் வளைகாப்பு, அதோடு ராஜபாளையத்துக்கு வந்துவிட்டேன். அங்கேதான் நீ பிறந்தாய். உனக்கு மூன்று மாதம் ஆனதிலிருந்து விண்ணப்பம் போட ஆரம்பித்தேன். ஒரு கையால் உன்னைத் தட்டிக்கொண்டே மறுகையால் அறிவிப்புகளைத் தேடுவேன். செல் உயிரியலுக்கு உலகம் முழுக்க இடம் உண்டு, ஆனால் எல்லாவற்றிலும் ஒரு கணக்கும் உண்டு, பட்டம் வாங்கி இத்தனை வருடத்துக்குள் வர வேண்டும் என்று. உனக்கு ஒவ்வொரு பல்லாக முளைக்க முளைக்க எனக்கு அந்தக் கணக்கில் ஒவ்வொரு மாதமாகக் குறைந்துகொண்டே வந்தது. எழுதுகிற கடிதங்களில் முக்கால்வாசிக்குப் பதிலே வராது. அதற்குக் கோபப்படக் கூடாது என்று கொஞ்ச நாளில் தெரிந்துகொண்டேன். ஐம்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்புவதைவிட, ஒருவருடைய கட்டுரைகளை மூன்று நாள் உட்கார்ந்து படித்துவிட்டு, ‘நீங்கள் இந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள், இதற்கு அடுத்தது எனக்குத் தோன்றுகிறது’ என்று எழுதினால் படிக்கிறார்கள். அதையும் அனுபவத்தில்தான் கற்றேன். நீ எந்தத் துறைக்குப் போனாலும் உதவும், வைத்துக்கொள்.

அப்படி எழுதியதில் வடக்கே ஓர் ஊரிலிருந்து ஒருவர் ஆர்வமாகப் பேசினார். ஒரு மணி நேரம் வேலையைப் பற்றியே பேசினோம். கடைசியில், எப்போது சேர முடியும் என்று கேட்டார். எனக்கு நாலு மாதக் குழந்தை இருக்கிறது, தங்குவதற்கு வீடு மட்டும் முன்கூட்டியே பார்க்க வேண்டியிருக்கும் என்றேன். வாழ்த்துச் சொன்னார். ரொம்ப மரியாதையாக, “முதலில் குழந்தையைப் பாருங்கள். எல்லாம் ஒழுங்கான பிறகு, ஒரு இரண்டு வருடம் கழித்து எழுதுங்கள்” என்றார். அத்தோடு முடிந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்றைக்கே என் தகுதிக் குறிப்பைத் திறந்து திருத்தினேன். பட்டத்துக்கும் இன்றைக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் ‘படுக்கையில் இருக்கும் தாயைக் கவனித்துக்கொண்டேன்’ என்று எழுதினேன். அம்மாவைப் பார்த்துக்கொள்கிற மகள் என்றால் யாரும் இரண்டு வருடம் கழித்து வா என்று சொல்லமாட்டார்கள், சான்றிதழும் கேட்கமாட்டார்கள். நான் அதை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தப் படுத்த படுக்கைக்காரி நூறு பிள்ளைகளுக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

ஜெர்மனியிலிருந்து ஒரு பேராசிரியை பதில் போட்டார். அவருடைய ஆய்வகத்தில் நான் பார்க்க ஆசைப்பட்ட வேலைதான் நடக்கிறது. நேர்காணல் கணினி வழியாக, அங்கே காலை, நமக்கு மதியம் இரண்டு மணி. தேதியைப் பார்த்ததும் நாள்காட்டியை எடுத்து மறுபடி பார்த்தேன். அன்றைக்குத்தான் உனக்கு மொட்டையும் காதுகுத்தும். உன் தாய்மாமா பட்டாளத்தில் பஞ்சாபில் இருக்கிறான். அவன் லீவை வைத்துத்தான் நாள் குறித்தது. அவன் மடி இல்லாமல் உனக்குக் காது குத்த முடியாது, இரண்டு நாள் கழித்து அவனுக்கு ரயில். பேராசிரியையிடம் வேறு நாள் கேட்டிருக்கலாம், தந்திருப்பார். ஆனால் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் நீ.

சோழபுரத்துப் பக்கம் இருக்கிற குலசாமி கோயிலில் காலையில் மொட்டை போட்டு, சந்தனம் பூசி, மாமா மடியில் உட்கார்த்தி, ஆசாரி உன் காதைத் தொட்டதும் நீ போட்ட கூச்சலில் கோயிலில் கட்டியிருந்த ஆட்டுக்குட்டிகளெல்லாம் திரும்பிப் பார்த்தன. பந்தி போடுகிற நேரத்தில் நான் கிளம்பினேன். “பிள்ளையைப் பெத்தவ எங்கட்டி போறா இந்நேரத்துல?” என்று நாலு குரல். “போட்டும் விடுங்க, அவளுக்குப் பரிட்சை” என்று மாமாதான் சமாளித்தான். என்னைவிட்டு நீ இருக்கமாட்டாய் என்பதால் அம்மாச்சி உன்னையும் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். ராஜபாளையத்து வீட்டில் நான் முன்னறையில் கணினியைத் திறந்து உட்கார, அவள் உன்னை உள்ளறையில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். சேலை மாற்ற நேரமில்லை. பட்டுச்சேலையோடேயே உட்கார்ந்தேன்.

வேலையைப் பற்றி நன்றாகப் பேசினேன், தங்கமே. அதை மட்டும் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். பேராசிரியையும் கூட இருந்த இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கேட்டார்கள், ஒன்றுக்கும் திணறவில்லை. பிறகு பேராசிரியை அந்த இடைவெளியைப் பற்றிக் கேட்டார். அம்மா படுக்கையில், இப்போது தேறி வருகிறாள் என்றேன். “கஷ்டமான காலம்” என்று அவர் கனிவாகச் சொன்னார். சரியாக அந்நேரம் உன் காது வலி ஏறிவிட்டது போல. வீல் என்று கத்தினாய். கதவைத் தாண்டி, சுவரைத் தாண்டி, கணினிக்குள்ளே போய்விட்டது சத்தம். அவர் சிரித்துக்கொண்டே, “குழந்தைச் சத்தம் கேட்கிறதே?” என்றார்.

“பக்கத்து வீட்டுப் பிள்ளை” என்றேன் நான். “எங்கள் சுவர்கள் மெல்லிசு.”

நீ அழ அழ எனக்குப் பால் கட்டி, கசிந்து, பட்டுச்சேலை முன்பக்கம் நனைந்துகொண்டிருந்தது. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு மேலும் பதினைந்து நிமிடம் புரதங்களைப் பற்றிப் பேசினேன். உன் அழுகைக்கு என் உடம்பு பதில் சொல்லிக்கொண்டேயிருந்தது. வாய்தான் உன்னைத் தெரியாது என்றது.

கணினியை மூடியதும் கதவு திறந்தது. “ஏட்டி, நான் எப்போட்டி படுத்த படுக்கையா கெடந்தேன்? இங்கிலீசுல பெட்டுன்னு நீ சொன்னது எனக்கு விளங்காதுன்னு நெனச்சியா?” என்று ஆரம்பித்தாள் அம்மாச்சி. “என்னைச் சீக்காளின்னு சொன்னது போட்டும். வேலைக்காகச் சொன்னே, சரி. இவனை என்னன்னு சொன்ன?” அவள் உன்னைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. “பாலைக் குடு. பக்கத்து வீட்டுக்காரி இன்னைக்கு வரமாட்டா” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். அவள் என்னை அடித்திருந்தால் இவ்வளவு நாள் வலித்திருக்காது.

பதினைந்து நாளில் வேலை கிடைத்ததாகக் கடிதம் வந்தது. இரண்டு வருடம், தேவைப்பட்டால் மூன்றாவதும். வீடே கூத்தாடியது. உன் அப்பா, “பிள்ளைக்கும் சேத்தே விசா போடு. தறியைத் தம்பி பாத்துக்கிடட்டும், நான் நடுவுல நடுவுல வாரேன்” என்றார். உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? குழந்தையைக் கூட்டிவர அங்கே அனுமதி இல்லை என்றேன். ஒரு பொய்க்குக் காவலாக இன்னொன்று. அதைக் கேட்டதும் வீட்டில் எல்லோரும் இயல்பாக, “அதுக்கென்ன, நாங்க பாத்துக்கிடுதோம். ரெண்டு வருசம் கண்ணை மூடித் தொறக்குறதுக்குள்ள போயிரும்” என்றார்கள். பட்டாளத்துக்குப் போகிற குடும்பங்கள் நிறைந்த ஊர். வருடத்துக்கு ஒரு முறை அப்பனைப் பார்க்கிற பிள்ளைகள் தெருவுக்கு நாலு. யாருக்கும் இது பெரிய விஷயமாகப் படவில்லை. எனக்கும் படக்கூடாது என்று என்னையே மிரட்டிக்கொண்டிருந்தேன்.

பழக்கிப் பார்ப்போம் என்று உன்னை ராஜபாளையத்தில் அம்மாச்சியிடம் விட்டுவிட்டு மூன்று நாள் நான் இங்கே நம் வீட்டில் இருந்தேன். மணிக்கொரு தரம் போன். “அழுதானா?” “இல்லட்டி.” “தேடினானா?” “செத்த நேரம் வாசலைப் பார்த்தான், பொறவு விளையாடப் போயிட்டான்.” நீ அழவில்லை என்பதில் எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் போனேன். சத்துணவுக் கூடத்து வாசலில் பெரிய பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து, முகமெல்லாம் பருக்கையாகத் தின்றுகொண்டிருந்தாய். உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நிமிர்ந்து பார்த்தாய். எழுந்து தத்தித் தத்திப் போய் அம்மாச்சி சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய். யாரோ வேற்றாள் வந்தால் ஒளிகிற மாதிரி. ஒரு வயதுப் பிள்ளைகள் அப்படித்தான் செய்யும், அரை மணியில் மறந்துவிடும் என்று அம்மாச்சி சொன்னாள். நீயும் அரை மணியில் மறந்துவிட்டாய். எனக்கு மட்டும், அன்றைக்கு நான் கணினியில் சொன்னதை நீ நம்பிவிட்டாய் என்று பட்டது.

நேராகச் சத்திரப்பட்டிக்குப் பஸ் ஏறினேன். எட்டுத் தறியும் ஓடுகிற சத்தத்தில் உன் அப்பாவிடம் நடந்ததையெல்லாம் கத்திக் கத்திச் சொன்னேன். பாதியில் அவர் ஒவ்வொரு தறியாக நிறுத்திக்கொண்டே வந்தார். கடைசித் தறி நின்றபோது நான் கத்திக்கொண்டிருந்தது எனக்கே கேட்டது. அவர் கையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டார். பிறகு, “என்கிட்டயுமா பொய் சொன்ன?” என்றார். அது ஒன்றுதான் கேட்டார். நான் அழுதேன். “சரி, என்னை விடு. அந்த அம்மாகிட்ட சொல்லிரு. வேலை போனா போகட்டும்னு நான் சொல்லமாட்டேன். போனா எனக்கும் வருத்தந்தான். ஆனா சொல்லிரு” என்று சொல்லிவிட்டுத் தறிகளை மறுபடி ஓட்டினார்.

எழுதினேன். அம்மாவுக்கு நோயில்லை, எனக்கு ஒரு மகன் இருக்கிறான், அன்று அழுதது அவன்தான் என்று மூன்றே வரி. ஒன்பது நாள் பதில் இல்லை. பத்தாவது நாள் வந்தது. அதை நான் அழித்துவிட்டேன், ஆனால் மனசில் அப்படியே இருக்கிறது. குழந்தை இருப்பது தடையே இல்லை, எங்கள் ஆய்வகத்தில் மூன்று பேருக்குச் சின்னக் குழந்தைகள், பக்கத்துக் கட்டடத்திலேயே அவர்களைப் பார்த்துக்கொள்ள இடமும் உண்டு, முன்னாலேயே சொல்லியிருந்தால் உங்களுக்கும் ஏற்பாடு செய்திருப்பேன் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே: “ஆனால் தட்டில் நீங்கள் கண்டதாகச் சொல்வதை நான் பார்க்காமலே நம்ப வேண்டிய வேலை இது. இனி உங்கள் ஒவ்வொரு முடிவையும் நான் சரிபார்க்க நினைப்பேன். அது நம் இருவருக்கும் நல்லதல்ல.” வேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்று நினைக்கும்போதுதான் என்மேல் கோபம் வருகிறது. வடக்கே ஒருவர் கதவைச் சாத்தினார் என்பதற்காக, உலகத்துக் கதவெல்லாம் சாத்தியிருக்கும் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். கேட்டுப் பார்த்திருக்கலாம். போகிற இடத்தில் பிள்ளையை விட வசதி உண்டா என்று ஒரு கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்க வெட்கப்பட்டேன்.

இரண்டாவது தப்பை இப்போது சொல்கிறேன். எனக்கு இதுதான் பெரியதாகத் தெரிகிறது. நான் ஏன் போகவில்லை என்று ஊர் கேட்டது. வாயைத் திறப்பதற்குள் எதிர் வீட்டுப் பெரியம்மாவே, “பச்சப் பிள்ளையை விட்டுட்டு எப்படிப் போவா? அவ தாயில்லையா?” என்று பதிலும் சொல்லிவிட்டார்கள். நான் தலையை ஆட்டினேன். அன்றிலிருந்து நான் பிள்ளைக்காகச் சீமையை விட்டுக்கொடுத்தவள். கல்யாண வீடுகளில் என்னைக் காட்டி மருமகள்களுக்குப் புத்தி சொன்னார்கள். மறுத்துச் சொன்னால் பொய் வெளியே வந்துவிடும். அதனால் அந்த நல்ல பெயரை நான் வைத்துக்கொண்டேன், அதன் பழியை உன் தலையில் வைத்தேன். இரண்டு வயதுப் பிள்ளைக்குச் சுமக்கத் தெரியாதுதான். ஆனால் வளர வளர அது தானாக உன் தோளில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

இப்போது போகிற பெங்களூர் வேலை எப்படி வந்தது என்றும் கேட்பாய். படித்து நடுவில் விட்டுவிட்டு வீட்டில் இருந்த பெண்கள் திரும்பி வருவதற்கென்று நம் நாட்டிலேயே ஒரு திட்டம் உண்டு. இடைவெளி இருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும். எனக்கு அது ஆரம்பத்திலிருந்தே தெரியும். ஓய்ந்துபோனவர்களுக்கான இடம் அது, நமக்கில்லை என்று இளக்காரமாகத் தாண்டிப் போயிருந்தேன். அந்தக் கர்வத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள். ஜெர்மனி அளவுக்குக் கருவிகள் இங்கே இல்லை, சம்பளமும் கம்மி. நான் பார்க்க ஆசைப்பட்ட கேள்வியில் பாதிதான் இங்கே பார்க்க முடியும். வருத்தம் இல்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும். வருத்தம் இருக்கிறது. சில நாள் காலையில் பல் தேய்க்கும்போது அந்த ஆய்வகத்து ஜன்னல் நினைவுக்கு வருகிறது, படத்தில் மட்டும் பார்த்த ஜன்னல். கோடை விடுமுறை முடிகிறவரை அம்மாச்சி நம்மோடு வருகிறாள். “அங்க வந்து எனக்கு என்னென்ன சீக்குன்னு முன்னாடியே சொல்லிரு, அதுக்குத் தக்கன நடிக்கணும்ல” என்கிறாள். இன்னும் விடவில்லை என்னை.

இன்று காலை எதிர் வீட்டுக்குப் போய்ப் பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். “அதனால என்னட்டி, பிள்ளைக்காகத்தான பொய் சொன்ன?” என்றார்கள்.

“இல்ல பெரியம்மா. பிள்ளை என்னுது இல்லைன்னு சொன்னேன்.”

கை நின்றுவிட்டது. “நான் வேற அவனை அப்படிக் கொஞ்சிக்கிட்டுத் திரியுதேன்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, “இதை அவன்கிட்ட சொல்லிராத, தாயி. ஆம்பளப் பிள்ளைக மனசுல வச்சிக்கிடும். விட்டுப் போயிரும்” என்றார்கள். என் நல்லதுக்குத்தான் சொன்னார்கள். அந்தப் பயம் எனக்கும் இல்லாமலில்லை. இருந்தும் எழுதுகிறேன். என்மேல் உனக்குக் கோபம் வந்தால் அதை நான் தாங்கிக்கொள்ளலாம். நீ உன்மேலேயே கோபப்பட்டால் எனக்குத் தாங்காது.

நீ ஆராய்ச்சிக்குப் போவாயோ தறிக்குப் போவாயோ தெரியாது. எங்கே போனாலும், நாளைக்கு உன் வீட்டிலும் ஒருத்தி கைப்பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு வேலைக்கு எழுதிக்கொண்டிருக்கலாம். அவள் எதை மறைக்கிறாள் என்று துருவாதே. மறைக்கத் தேவையில்லாதபடி பக்கத்தில் இரு. உன் அப்பா அப்படித்தான் இருந்தார், நான்தான் பார்க்கவில்லை.

கடைசியாக எனக்கு உன்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. நான் கோபக்காரி, உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். எனக்கு வயதாகும். கூடப் படித்தவர்களெல்லாம் பெரிய பெரிய இடங்களில் இருப்பார்கள். என் வேலை சரியாகப் போகாத ஒரு நாளில், நீயும் ஏதோ எதிர்த்துப் பேசியிருக்கிற ஒரு நேரத்தில், ‘உனக்காகத்தான்டா எல்லாத்தையும் விட்டேன்’ என்று என் வாயில் வந்துவிடும். வராது என்று சத்தியம் பண்ண எனக்குத் தைரியமில்லை. ஒரு வருடம் ஊர் சொல்லச் சொல்ல நானே பாதி நம்பிவிட்டேன். அப்படி நான் சொல்கிற அன்றைக்கு நீ பேசாமல் எழுந்து போய்விடாதே, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளாதே. என் முகத்தைப் பார்த்து, “இல்லம்மா, நீ பொய் சொன்ன, அதனால போச்சு” என்று சொல். கொஞ்சம் சத்தமாகவே சொல். நான் அழுதாலும் அதை மட்டும் விட்டுக்கொடுக்காதே.

அம்மா